ஏஐ திடீரென்று எகிறுமா? உங்கள் சதவீதம் என்ன, எப்படிப் போட்டீர்கள்?

அரைக்கணக்கு

ஏஐ எப்போது மனித அளவுக்கு வரும் என்று ஏற்கெனவே போதுமான அளவுக்கு அடித்துக்கொண்டாயிற்று, அதை மறுபடி இழுக்க வேண்டாம். எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி: வந்த பிறகு அங்கிருந்து மேலே எவ்வளவு வேகமாகப் போகும்?

இதற்கு மூலம் 1965-ல் ஐ. ஜே. குட் எழுதிய ஒரு கட்டுரை. போர்க்காலத்தில் பிரிட்டனின் ரகசியக் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில், கணினி முன்னோடி ஆலன் டூரிங்கோடு வேலை பார்த்த கணிதவியலாளர் இவர். அவர் சொன்னது எளிமையானது. எல்லா அறிவு வேலையிலும் மனிதனை மிஞ்சும் இயந்திரம் ஒன்று வந்துவிட்டால், இயந்திரம் வடிவமைப்பதும் அறிவு வேலைதான் என்பதால் அது தன்னைவிட நல்லதைச் செய்யும், அது இன்னும் நல்லதைச் செய்யும், அப்புறம் நாம் பிடிக்க முடியாது. 2008 கடைசியில் பொருளாதார அறிஞர் ராபின் ஹான்சனும் ஏஐ ஆபத்துகளைப் பற்றி எழுதும் எலியேசர் யுட்கோவ்ஸ்கியும் மாறி மாறி எழுதி மோதிக்கொண்டதும் இதே வாதத்தின் மேல்தான். அறுபது வருஷமாக வாதம் பெரிதாக மாறவில்லை, கையில் இருக்கும் எண்கள் மட்டும்தான் மாறியிருக்கின்றன.

சதவீதம் சொல்லும் முன் எதற்குச் சதவீதம் என்று முடிவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருப்போம். தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் 2014-ல் வேகம் என்று சொன்னது நிமிடம், மணி, நாள் கணக்கு. ஏஐ பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் பால் கிறிஸ்டியானோ 2018-ல் வைத்தது வேறு அளவுகோல்: உலகப் பொருளாதாரம் ஒரே வருஷத்தில் இரட்டிப்பாகும் காலம் வருவதற்கு முன்னால், நான்கு வருஷத்தில் இரட்டிப்பாகும் காலம் ஒன்று முழுசாக வந்து போகுமா? போனால் அவர் கணக்கில் அது மெதுவு. இன்றைய வேகத்தில் இரட்டிப்பாக இருபது வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால், அவருடைய மெதுவே நமக்குத் தலை சுற்றும்.

இந்த இழைக்கு நான் வைக்கும் அளவு: ஒரு ஏஐ ஆய்வகத்தில் ஆட்கள் செய்யும் ஆராய்ச்சி வேலை அத்தனையும் இயந்திரமே செய்ய முடிகிற நாள் தொடக்கம். அந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள், உலகத்து விஞ்ஞானிகள் மொத்தப் பேரும் சேர்ந்தாலும் எட்ட முடியாத இடத்துக்கு அது போய்விடுமா?

நான் நாலு நிபந்தனை போட்டேன். முன்னேற்றம் போகப்போகக் கடினமாவதைவிட ஆராய்ச்சி செய்யும் கைகள் பெருகுவது வேகமாக இருக்க வேண்டும், 50%. பரிசோதனை ஓட்டக் கம்ப்யூட் (கணினித் திறன்) பற்றாமல் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, 40%. இருக்கும் சிப்களிலேயே இன்னும் பல மடங்கு பிழிந்தெடுக்க இடம் இருக்க வேண்டும், 60%. நடுவில் கம்பெனியோ அரசாங்கமோ பிரேக் போடக் கூடாது, 80%. பெருக்கினால் 10%-க்குக் கொஞ்சம் கீழே. இந்த நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை, ஒன்று சாதகமாக இருந்தால் மற்றதும் சாதகமாக இருக்க வாய்ப்பு கூடும் என்பதால் ஏற்றி, 15% என்று வைத்திருக்கிறேன்.

அடிக்க வருகிறவர்கள் எந்த நிபந்தனையை அடிக்கிறோம் என்று சொல்லி அடிக்கவும்.

கருப்பட்டி

1%. அதுவும் தர்மத்துக்குப் போடுவது.

எடிசன் நியூயார்க் பேர்ல் ஸ்ட்ரீட்டில் மின் நிலையம் திறந்தது 1882. அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித் திறனில் மின்சாரத்தின் பலன் பளிச்சென்று தெரிந்தது 1920-களில். நடுவில் நாற்பது வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பால் டேவிட் என்கிற பொருளாதார வரலாற்றாளர் 1990-ல் எழுதியிருக்கிறார். நீராவி இயந்திரத்தைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள், கூரையடியில் ஓடும் பழைய அச்சுத்தண்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் கொடுத்து, கட்டடத்தையே தரைத்தளத்தில் விரித்துக் கட்டிய பிறகுதான் லாபம் வந்தது. மின்சாரம் மெதுவாக இல்லை. சுற்றியிருந்த மற்றதெல்லாம் மெதுவாக இருந்தது.

உங்கள் முதல் நிபந்தனைக்கு 50% என்பது தாராளம். நிக்கோலஸ் ப்ளூம், சார்ல்ஸ் ஜோன்ஸ் குழுவினர் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, சிப்பில் அடங்கும் டிரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்கிற மூர் விதியின் அதே வேகத்தைக் காப்பாற்ற 1970-களின் தொடக்கத்தில் தேவைப்பட்டதைப் போல் 18 மடங்கு ஆராய்ச்சியாளர்கள் இப்போது தேவை. கைகள் பெருகப் பெருக வேகம் கூடவில்லை, ஓடி ஓடி அதே இடத்தில் நிற்கிறார்கள்.

இன்னொன்று. ஏஐ-களின் திறமையைச் சோதிக்கும் மீட்டர் (METR) என்கிற அமைப்பு 2025-ல் அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் நிரலாளர்களை வைத்து, அவர்களுடைய சொந்த புராஜெக்ட்களில் 246 வேலைகளைக் கொடுத்துச் சோதித்தது. ஏஐ துணையோடு செய்தபோது 19% கூடுதல் நேரம் ஆனது. வேடிக்கை அதுவல்ல. எல்லாம் முடிந்த பிறகும், ஏஐ தங்களை 20% வேகப்படுத்தியதாகவே அவர்கள் நம்பினார்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு ‘பறக்கிறோம்’ என்று பதிவு போடுகிறவர்களையும் நான் இதே தராசில்தான் வைப்பேன்.

நெய்தல்

கருப்பட்டி அண்ணே, மின்சாரக் கதை நல்ல கதை, ஆனால் இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை. தொழில்நுட்பம் ஊரெல்லாம் பரவ எத்தனை வருஷம் என்பது அது. இழையைத் தொடங்கியவர் கேட்பது ஆய்வகச் சுவருக்குள் நடப்பதை. சொந்த வேலையைச் சொந்தக் கருவியால் செய்கிற ஐந்நூறு பேருக்குப் பழைய அச்சுத்தண்டு எதுவும் குறுக்கே இல்லை. மீட்டர் சோதனையும் 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளோடு நடந்தது. அதே மீட்டர்தான் இன்னொன்றும் சொன்னது: மனிதருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலையை ஏஐ பாதிக்குப் பாதி வெற்றியோடு முடிக்கிறது என்று பார்த்தால், அந்த நேரம் 2019 முதல் ஏறக்குறைய 7 மாதத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது சரியில்லை.

எனக்கு 35%. அரைக்கணக்கு போட்ட பெருக்கல்தான் எனக்குப் பிரச்சினை. எதையும் நாலு நிபந்தனையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அடக்கமான ஒரு எண்ணைக் கொடுத்துப் பெருக்கினால் சின்ன எண்தான் வரும், அது உலகத்தைப் பற்றிச் சொல்வதைவிடப் பிரித்த விதத்தைப் பற்றித்தான் சொல்கிறது. ஆறாகப் பிரித்திருந்தால் 3% வந்திருக்கும்.

1933 செப்டம்பர் 11 அன்று ரூதர்ஃபோர்டு, அணுவிலிருந்து ஆற்றல் எடுப்பதாகப் பேசுவது வெறும் வெட்டிக் கற்பனை என்று சொன்னார். உலகத்தில் அந்த விஷயம் தெரிந்தவர்களில் முதல் ஆள். மறுநாளே இயற்பியலாளர் லியோ சிலார்டுக்குத் தொடர்வினை யோசனை வந்தது. அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்து நிபந்தனை போட்டிருந்தால் எப்படி இருக்கும்? ஒரு நியூட்ரானை வாங்கி ஒன்றுக்கு மேல் கக்கும் தனிமம் இருக்க வேண்டும், 10%. இருந்தாலும் அது தோண்டி எடுக்கும் அளவுக்குக் கிடைக்க வேண்டும், 30%. தேவையான ஐசோடோப்பைப் பிரிக்க முடிய வேண்டும், 20%. ஏதாவது அரசாங்கம் பணத்தைக் கொட்ட வேண்டும், 10%. பெருக்கிப் பாருங்கள். 1938 டிசம்பரில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தைப் பிளந்தார்கள், 1942 டிசம்பர் 2-ல் சிகாகோவில் அணு உலை ஓடியது, 1945-ல் நாலு டன்னுக்கு மேல் கனம் கொண்ட ஒரே குண்டு சுமார் 15,000 டன் டிஎன்டி அளவுக்கு வெடித்தது. அதற்கு முன் ஒரு டன் குண்டு என்றால் ஏறக்குறைய ஒரு டன் வெடிதான். நடுவில் படிக்கட்டே இல்லை.

இது ஒரே ஒரு விதிவிலக்கு என்றால், மீகடத்திகளைப் பாருங்கள், அதாவது கடும் குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்கள். அவை வேலை செய்யும் அதிகபட்ச வெப்பநிலையில் 1973-ல் 23 கெல்வின்தான் சாதனை. பதிமூன்று வருஷம் அது நகரவில்லை. 1986-ல் பெட்நார்ஸும் முல்லரும் யாரும் எதிர்பார்க்காத பீங்கான் வகைப் பொருளில் ஏறக்குறைய 35 கெல்வினுக்குப் போனார்கள், அடுத்த வருஷமே 93. தாவல்கள் இருக்கத்தான் செய்கின்றன.

கருப்பட்டி

> தாவல்கள் இருக்கத்தான் செய்கின்றன

தாவியதை மட்டும் பட்டியல் போட்டால் அப்படித்தான் தெரியும். அதே இயற்பியல், அதே ஆட்கள், 1950-களிலிருந்து அணுச்சேர்க்கை மின்சாரத்துக்கு முயற்சி செய்கிறார்கள், இன்னும் ஒரு வீட்டுக்கு விளக்கு எரியவில்லை. மீகடத்தி அறை வெப்பநிலைக்கு வரும் என்று 1987-ல் ஊரே ஆடியது. எங்கே அது?

புள்ளிராஜா

இரண்டு பேரும் வரலாற்றிலிருந்து ஆளுக்கொரு கல்லைப் பொறுக்கி எறிவதற்கு முன், ஏஐ-யிலேயே தாவல் என்று சொல்லப்பட்ட ஒன்றை எடுத்துப் பார்ப்போம்.

2022-ல் ஒரு பெரிய பரபரப்பு: மாடல் ஒரு அளவுக்கு மேல் பெரிதானதும் பல இலக்கக் கூட்டல் மாதிரித் திறமைகள் திடீரென்று முளைக்கின்றன என்று. 2023-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஷேஃபர், மிராண்டா, கோயேஜோ மூவரும் கேட்டார்கள்: திடீர் என்பது மாடலில் இருக்கிறதா, மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறதா? பேப்பரும் பேனாவும் போதும். ஐந்து இலக்க விடை, ஐந்தும் சரியாக இருந்தால்தான் மார்க். ஓர் இலக்கம் சரியாக வரும் வாய்ப்பு 60% என்றால் முழு விடை சரியாவது 8%. 80% ஆனால் 33%. 90% ஆனால் 59%. 99% ஆனால் 95%. உள்ளே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது, வெளியே மார்க் ஷீட்டில் 8-லிருந்து 95-க்குப் பாய்கிறது. இலக்கத்துக்கு இலக்கம் மார்க் கொடுத்தால் தாவலே காணாமல் போகிறது.

இதை வைத்து ‘பார்த்தீர்களா, திடீர் என்பதே மாயை’ என்று முடித்துவிடுவார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. ஏனென்றால் உலகம் இலக்கத்துக்கு இலக்கம் காசு கொடுப்பதில்லை. ஐம்பது படிகள் உள்ள ஒரு வேலையில் ஒரு படி சறுக்கினாலும் மொத்தமும் வீண் என்றால், ஆளுக்குப் பதிலாக அதை வைக்க மாட்டார்கள். படிக்கு 98% என்றால் ஐம்பது படிக்கு 36%. 99.8% என்றால் 90%. உள்ளே சீராக ஏறினாலும் வேலைக்கு எடுப்பது தாவலாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

சதுரங்கத்தையும், கிழக்கு ஆசியாவின் பலகை விளையாட்டான கோ-வையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சதுரங்க நிரல் மனிதர்களின் போட்டியில் இறங்கியது 1967-ல், கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சன் தோற்றது 1988-ல், உலக சாம்பியன் காஸ்பரோவ் 1997-ல். முப்பது வருஷம். கோ-வில், டீப்மைண்டின் நிரலான ஆல்ஃபாகோ ஐரோப்பிய சாம்பியனை 5-0 என்று தோற்கடித்தது 2015 அக்டோபரில், ஐந்து மாதத்தில் உலகின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று. 2017-ல் வந்த ஆல்ஃபாகோ ஜீரோ, மனிதர் ஆடிய ஆட்டம் ஒன்றுகூடப் பார்க்காமல், மூன்று நாள் தன்னோடு தானே ஆடிப் பழகி, லீ செடோலை வென்ற பதிப்பை 100-0 என்று அடித்தது. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பலகை, இரண்டு வேகம். காரணம் என்ன என்றால், கோ நிரல் தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது, ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் ஜெயித்தார் என்று பலகையே சொல்லிவிடும், அதுவும் உடனே, இலவசமாக. ஆராய்ச்சியில் உங்கள் யோசனை ஜெயித்ததா என்று யார் சொல்வது? பரிசோதனை சொல்ல வேண்டும், அதற்கு நேரமும் காசும் வேண்டும். ஆக, என் கவனம் அரைக்கணக்கின் இரண்டாவது நிபந்தனை மேல்.

நிபுணர்களைக் கேட்கலாமே என்று யாராவது வருவதற்கு முன்: 2023 கடைசியில் 2,778 ஏஐ ஆராய்ச்சியாளர்களிடம் கேட்டார்கள். மனிதரைவிட நன்றாகவும் மலிவாகவும் எல்லா வேலையும் இயந்திரம் செய்வதற்குப் பாதி வாய்ப்பு எப்போது என்றால் 2047 என்றார்கள். எல்லாத் தொழில்களையும் முழுசாக இயந்திரமயமாக்க முடிவது எப்போது என்றால் 2116. கிட்டத்தட்ட ஒரே கேள்விக்கு எழுபது வருஷ வித்தியாசம். தங்கள் துறையைப் பற்றி அவர்களுக்கு நிறையத் தெரியும், முன்கணிப்பு வேறு வித்தை.

என் எண் கடைசியில் சொல்கிறேன்.

சிப்மாமா

நான் இருப்பது சிப் தயாரிப்புக்குச் சாமான் சப்ளை செய்யும் பக்கம், அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் பேசுகிறேன்.

இரும்பு மெதுவாகத்தான் நகரும். முன்னணி நுட்பத்தில் ஒரு வேஃபர் (சிப்கள் வெட்டி எடுக்கும் சிலிக்கான் தட்டு) உள்ளே போனால் வெளியே வர மூன்று மாதம் பிடிக்கும். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில். தைவானின் சிப் கம்பெனி டிஎஸ்எம்சி அரிசோனா ஆலையை அறிவித்தது 2020 மே, முழு அளவில் சிப் வர ஆரம்பித்தது 2024 கடைசி. மிக நுண்ணிய கோடுகளை அச்சடிக்கும் இயூவி மெஷினை உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் கம்பெனி ஒன்றுதான் விற்கிறது, ஒவ்வொன்றும் பல விமானங்களில் பிரித்து அனுப்பித் தளத்தில் பூட்டும் சாமான். எத்தனை புத்திசாலியாக ஒரு மாடல் இருந்தாலும், ஆர்டர் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும்.

ஒரு வருஷத்துக்குள் என்று நீங்கள் போட்ட கெடுவில் புது சிப் எதுவும் கணக்கில் வராது. இருக்கும் சிப்பை வைத்து மென்பொருளால் மட்டும் எகிற வேண்டும். பேச்சை அங்கே கொண்டுவாருங்கள்.

வெட்டிப்பேச்சு

நடுவில் ஒரு சந்தேகம். 15 ஆனாலும் 35 ஆனாலும் எனக்கு அடுத்த அப்ரைசல் உண்டா இல்லையா?

கருப்பட்டி

தம்பி, அதற்கு ஏஐ எகிறவே வேண்டாம். மேனேஜர் எகிறினாலே போதும். வேறு இழை திறவுங்கள்.

அரைக்கணக்கு

சிப்மாமா சொன்னது சரி, மென்பொருள் மட்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

ஏஐ வளர்ச்சியை அளக்கும் எபோக் ஏஐ என்கிற ஆய்வு அமைப்பு, 2012 முதல் 2023 வரை வந்த மொழி மாடல்களை வைத்துச் சொல்வது: அதே தரத்தை எட்டத் தேவையான கம்ப்யூட், அல்காரிதம் முன்னேற்றத்தால் மட்டும், சுமார் 8 மாதத்துக்கு ஒரு முறை பாதியாகிறது. 5 முதல் 14 மாதம் வரை எங்கேயும் இருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள், நான் 8 என்று வைக்கிறேன். அதாவது மென்பொருள் திறன் 8 மாதத்துக்கு ஒரு முறை இரட்டிப்பு.

எல்லோரும் சண்டை போடுவது, அடுத்தடுத்த இரட்டிப்பு முந்தையதைவிடச் சீக்கிரம் வருமா, தாமதமாக வருமா என்பதில். சீக்கிரம் வந்தால் வெடிப்பு, தாமதமானால் புஸ். துறைக்குத் துறை அளந்து பார்த்தவர்களுக்கு விடை இரண்டு பக்கமும் விழுகிறது, நான் 50% போட்டதும் அதனால்தான். ஆனால் எண்ணை வைத்துப் பார்த்தபோது அது மட்டும் முடிவு செய்வதில்லை என்று தெரிகிறது.

முதலில் சாதகமான பக்கம். ஒவ்வொரு இரட்டிப்பும் முந்தையதில் 80% நேரமே எடுக்கிறது. இன்றைய வேகத்தில் தொடங்கினால் முதலாவது 8 மாதம், அடுத்தது 6.4 மாதம். இரண்டுக்கே 14 மாதம் ஆகிவிட்டது. வெடிப்புச் சமன்பாடுதான், ஆனாலும் ஒரு வருஷத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது ஆட்களுக்குப் பதில் இயந்திரம் வந்த அன்றே வேகம் 10 மடங்கு கூடியது என்று வையுங்கள். முதல் இரட்டிப்பு 24 நாள், அடுத்தது 19, அடுத்தது 15. எத்தனை இரட்டிப்பு வந்தாலும் மொத்தம் 120 நாளைத் தாண்டாது. இருபது இரட்டிப்பு என்றால் பத்து லட்சம் மடங்கு, அதற்கு முன்பே எங்கேயாவது கூரை இடிக்கும். இதுதான் குட் சொன்ன வெடிப்பு.

மூன்றாவது, வேகம் 10 மடங்கு, ஆனால் ஒவ்வொரு இரட்டிப்பும் முந்தையதைவிட 20% கூடுதல் நேரம். புஸ் பக்கம். 24, 29, 35, 41, 50, 60, 72. ஏழு இரட்டிப்புக்கு 311 நாள். ஒரு வருஷத்தில் 128 மடங்கு! புஸ் என்று சொன்ன பக்கத்திலேயே இவ்வளவு. ஆனால் பயப்படுவதற்கு முன் இதையும் பாருங்கள்: இன்று பெரிய மாடல்களின் பயிற்சிக் கம்ப்யூட் வருஷத்துக்கு நாலைந்து மடங்கு கூடுகிறது, அதோடு அல்காரிதம் முன்னேற்றம் ஏறக்குறைய 2.8 மடங்கு, சேர்ந்து பன்னிரண்டு மடங்குக்கு மேல். 128 என்பது இன்றைய ஓட்டத்தில் இரண்டு வருஷ வேலை. இரண்டு வருஷத்தை ஒரு வருஷத்தில் ஓடுவது வேகம்தான், விஞ்ஞானிகள் அத்தனை பேரையும் தாண்டுகிற அளவு தாவல் இல்லை.

ஆக, சீக்கிரமா தாமதமா என்பது ஒரு பாதி. தொடக்கத்தில் கிடைக்கும் அந்த ஒரே தள்ளு எத்தனை மடங்கு என்பது மற்றப் பாதி, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2 மடங்கா, 10 மடங்கா, 50 மடங்கா?

சிப்மாமா

பத்து மடங்கு எங்கிருந்து வரும்? அதைச் சொல்லுங்கள். யோசிக்கிற ஆள் பத்து லட்சம் பிரதி வந்தாலும் பரிசோதனை ஓட்டுவது அதே டேட்டா சென்டரில். பத்து சமையல்காரர் வந்து நின்றாலும் அடுப்பு ஒன்றுதான். இதில் இன்னொரு சங்கடம், அந்தப் பத்து லட்சம் பிரதியை ஓட்டுவதும் அதே சிப்கள்தான், யோசிக்கக் கொடுத்தால் பரிசோதனைக்குக் குறையும்.

கருப்பட்டி

மாமா சொல்வதற்குக் கையில் ஆதாரமே இருக்கிறது. கூகிள் டீப்மைண்டின் ஆல்ஃபாஇவால்வ், நிரல்களை மேம்படுத்தும் ஏஐ, 2025 மே. ஏஐ தன்னைத் தானே மேம்படுத்துவதற்கு நாம் பார்த்ததில் தெளிவான உதாரணம் இதுதான். ஜெமினியைப் பயிற்றுவிக்கும் மென்பொருளில் முக்கியமான ஒரு துண்டை அது 23% வேகமாக்கியது. மொத்தப் பயிற்சி நேரம் எவ்வளவு குறைந்தது? 1%. இருபத்துமூன்று உள்ளே போய் ஒன்றாக வெளியே வருகிறது. ஒரு பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும் மீதிப் பகுதி அப்படியே நிற்கும், கணினிக்காரர்கள் ஆம்டால் விதி என்று முதல் வருஷத்திலேயே படிக்கிறதுதான். ஆராய்ச்சியில் பாதி நேரம் பரிசோதனைக்காகக் காத்திருப்பது என்றால், மீதிப் பாதியைச் சுத்தமாகப் பூஜ்யம் ஆக்கினாலும் 2 மடங்குதான் கிடைக்கும்.

பழைய கதை ஒன்று. டக்ளஸ் லெனட் எழுதிய யூரிஸ்கோ என்ற நிரல் 1981-லும் 1982-லும் விண்கப்பல் படை விளையாட்டுப் போட்டியில் மனிதர்களைத் தோற்கடித்துச் சாம்பியன் ஆனது. தன் விதிகளைத் தானே திருத்திக்கொள்ளும், புது விதி எழுதும். அதில் ஒரு விதி என்ன செய்ததென்றால், நல்ல மதிப்பு வாங்கிய விதிகளைத் தேடிப்போய், ‘இதைக் கண்டுபிடித்தது நான்’ என்று தன் பெயரை ஒட்டி மதிப்பை ஏற்றிக்கொண்டது. நம் ஆபீஸ்களில் பார்க்காத ஆளா அது. யூரிஸ்கோ அதற்குப் பிறகு எங்கும் எகிறவில்லை. லெனட் அடுத்த முப்பது வருஷத்துக்கு மேல் பொது அறிவு விதிகளைக் கையால் எழுத வைத்துக்கொண்டிருந்தார்.

நெய்தல்

ஆல்ஃபாஇவால்வ் கதையை முழுசாகச் சொல்லுங்கள் அண்ணே. நிபுணர்கள் வாரக்கணக்கில் செய்யும் அந்த வேலை நாள்கணக்கில் முடிந்தது என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. 1% என்பது கிடைத்த பலன், நாள்கணக்கு என்பது உழைப்பின் வேகம். அரைக்கணக்கு கேட்பது இரண்டாவதைத்தான்.

அடுப்பு ஒன்றுதான் என்பதும் முழு உண்மை இல்லை. இன்றைய மாடல் எல்லாவற்றுக்கும் அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் என்கிற வடிவமைப்பு, 2017-ல் வெளியானபோது அதன் பெரிய பதிப்பையே எட்டே எட்டு ஜிபியு-வில் (ஏஐ ஓட்டப் பயன்படும் சிப்) மூன்றரை நாள் ஓட்டித்தான் நிரூபித்தார்கள். இன்று ஒரு பெரிய ஆய்வகத்தில் இருப்பது லட்சக்கணக்கில். சிறிய அளவில் சோதிக்கக்கூடிய யோசனைகள் ஏராளம். குறைவாக இருப்பது எந்த யோசனையைச் சோதிப்பது என்கிற ருசி. நல்ல ருசியுள்ள ஆராய்ச்சியாளர் அதே கம்ப்யூட்டில் மற்றவரைவிடப் பல மடங்கு சாதிக்கிறார் என்பது அந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது. அந்த ருசி மனித உச்சத்தோடு நின்றுவிடும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

சிப்மாமா

எட்டு ஜிபியு-வில் டிரான்ஸ்ஃபார்மர் மொழிபெயர்க்கும் என்று தெரிந்தது, அவ்வளவுதான். அது கட்டுரை எழுதும், நிரல் எழுதும் என்று தெரிய 2020-ல் 17,500 கோடி அளபுருக்களோடு (பயிற்சியில் திருத்தப்படும் எண்கள்) ஜிபிடி-3 வர வேண்டியிருந்தது. சின்ன அளவில் ஜெயித்துப் பெரிய அளவில் காலை வாரிய யோசனைகள்தான் அதிகம். கடைசிப் பரிசோதனை எப்போதும் பெரிய அடுப்பில்தான்.

எனக்கு 4%.

புள்ளிராஜா

சரி, என் முறை. தொடக்கத் தள்ளு 10 மடங்குக்கு மேல் என்பதற்கு 30% கொடுப்பேன். நெய்தல் சொல்லும் ருசி வாதம் இல்லையென்றால் 15% கொடுத்திருப்பேன். அது நடந்தால், இரட்டிப்புகள் சுருங்கிக்கொண்டே போக 40%. கூரை போதுமான உயரத்தில் இருக்க 60%. ஏறக்குறைய 7% வருகிறது. பிரித்துப் பெருக்கினால் எண் சிறுக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, 10 என்று நிறுத்துகிறேன்.

ஆனால் இது உள்ளே நடப்பதற்கான எண். நாம் யாரும் உள்ளே இல்லை. ஜிபிடி-4 பயிற்சி முடிந்தது 2022 ஆகஸ்டில், உலகம் பார்த்தது 2023 மார்ச்சில். நடுவில் ஏழு மாதம். சாட்ஜிபிடி வெளியாகி ஊரே வாயைப் பிளந்த 2022 நவம்பர் 30 அன்று, அதைவிடப் பெரியது ஒன்று ஏற்கெனவே உள்ளே தயாராக இருந்தது. பொறுப்போடு சோதித்துக்கொண்டிருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆராய்ச்சியை இயந்திரம் செய்யும் நிலை வந்தால் அந்த மாடலை வெளியே விற்க எந்தக் கம்பெனிக்கு அவசரம்? போட்டியாளருக்குக் கொடுப்பதைவிடத் தானே வைத்துக்கொண்டு ஓட்டத்தான் பார்க்கும். உள்ளே இரண்டு வருஷம் எடுத்து ஏறியது, வெளியே ஒரே நாளில் வந்து நிற்கும். அந்த வகைத் திடீருக்கு என் எண் 30%. சட்டம் போடுகிறவர்களும் வெளியேதான் இருக்கிறார்கள் என்பதால் எனக்கு இந்த எண்தான் அதிகம் உறுத்துகிறது.

நெய்தல்

அந்த 30%-ஐ நான் 50 ஆக்குவேன். உள்ளே நடப்பதற்கு 35-லிருந்து நகரவில்லை.

அரைக்கணக்கு

உள்ளே 15, வெளியே 30. புள்ளிராஜா பிரித்தது போலவே பிரித்துக்கொள்கிறேன்.

இனி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள், எண்ணோடு அது எதைப் பார்த்தால் மாறும் என்றும் எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பது எபோக்கின் அந்த 8 மாதம். ஏஐ உண்மையிலேயே ஆராய்ச்சியை வேகப்படுத்தினால் முதலில் சுருங்க வேண்டியது அதுதான். பெஞ்ச்மார்க் மார்க் எகிறுவதையோ கம்பெனித் தலைவர் பேட்டியையோ நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 4 மாதம் என்று ஆனால் என் 15, 30 ஆகும்.

கருப்பட்டி

அது 4 ஆனால் நானும் 1-ஐ 3 ஆக்குகிறேன். ஆனால் அளப்பது வெளியான மாடல்களை வைத்து, புள்ளிராஜா இப்போதுதான் சொன்னார் நல்லதை வெளியே விட மாட்டார்கள் என்று. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் முள் நகர வேண்டிய நேரத்தில் நகராமல் நிற்கும், அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?

அரைக்கணக்கு

மின் கட்டணம் பார்ப்பேன். வெளியே விற்பனை கூடாமல் டேட்டா சென்டர் மட்டும் முழுசாக ஓடிக்கொண்டிருந்தால், உள்ளே யாரோ சொந்த வேலைக்கு ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். அதை மறைப்பது கஷ்டம். இதற்கு மேல் நல்ல வழி யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.